பொம்மைக்கு நரம்பு நழுவாது

எம்பிபிஎஸ் தேர்வு முடித்து ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி மருத்துவராகச் சேர்ந்த மூன்றாவது நாள், கேஷுவாலிட்டி என்ற அவசரப் பிரிவில் இரவு டியூட்டி. தேவகோட்டைப் பக்கத்திலிருந்து எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாவை ஆட்டோவில் கூட்டி வந்திருந்தார்கள். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. நாக்கு வறண்டு, கண் குழிக்குள் போயிருந்தது. நரம்பில் திரவம் ஏற்ற ஊசி குத்தச் சொல்லி, "லைன் போடுப்பா" என்றுவிட்டு, மேற்படிப்பு படிக்கும் பிஜி அண்ணன் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எனக்கு உள்ளூர ஒரு தெம்பு. பொம்மைகளை வைத்துப் பழகும் ஸ்கில் லேபில் இருக்கும் ரப்பர் கையில் பத்துக்கு எட்டு தடவை முதல் குத்திலேயே சிவப்புத் தண்ணீர் பார்த்தவன் நான். லாக் புக்கில் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது.

முதல் குத்தில் நரம்பு ஊசிக்கு முன்னால் ஓடியது. இரண்டாவது குத்தில் ரத்தம் வந்தது, ஆனால் ஊசியின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் குழாயை (வென்ஃப்ளான்) தள்ளியதும் தோலுக்கடியில் நீலமாக உப்பிக்கொண்டது. அந்த அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. "பரவால்ல தம்பி, இன்னொரு தடவை குத்து" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மூன்றாவது குத்துக்கு முன் சிஸ்டர் அக்கா வந்து, "தம்பி, நகரு" என்றார். கட்டியிருந்த ரப்பரைத் தளர்த்தினார். வயசானவர்களுக்கு இறுக்கிக் கட்டினால் நரம்பு ஊசி பட்டதும் வெடித்துவிடும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கையைக் கட்டிலுக்குக் கீழே ஒரு நிமிடம் தொங்கவிட்டார். இடது கட்டைவிரலால் தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்து நரம்பை அசையாமல் நிறுத்தினார். ஊசியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து மெதுவாக நுழைத்தார். ரத்தம் தெரிந்ததும் இன்னும் தாழ்த்தி, ஓர் அரிசி நீளத்தில் பாதி அளவுக்கு உள்ளே விட்டு, அதன் பிறகுதான் பிளாஸ்டிக்கை மட்டும் தள்ளினார். நான் ரத்தத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் அந்த அரை அரிசியை விட்டுவிட்டிருந்தேன். ஊசி முனைதான் உள்ளே போயிருந்தது. பிளாஸ்டிக் இன்னும் வாசலில் நின்றது.

ரப்பர் கையில் இதை ஏன் கற்கவில்லை என்று பிறகு யோசித்தேன். அந்தக் கையில் எங்களுக்கு முன் குத்திய நூறு பேரின் ஓட்டைகள் இருந்தன. ஊசி பழைய ஓட்டையைத் தேடிக்கொண்டு தானாகவே போகும். நரம்பு நழுவாது, தோல் சுருங்காது. அந்தக் கை எனக்கு ஊசியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது, பொருள்களை எந்த வரிசையில் எடுத்து வைப்பது என்று கற்றுக்கொடுத்தது, குத்திய ஊசியைத் திரும்ப மூடாமல் நேராக ஊசி வெட்டியில் போடும் பழக்கத்தைக் கொடுத்தது. அதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. தோலை இழுத்துப் பிடிப்பதை மட்டும் கொடுக்கவில்லை. அது தேவைப்படாத கையில் அதை எப்படிக் கற்பது?

நான் இதை எழுதுவது மருத்துவம் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக. குறிப்பாக, என்னைப் போல 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளியிலிருந்து வந்து, லேபில் பின்வரிசையில் நிற்பவர்களுக்காக. 2020-ல் அந்த ஒதுக்கீடு வந்த முதல் ஆண்டே சேர்ந்தவன் நான். அப்பா செட்டிநாட்டில் ஒரு பெரிய வீட்டுக்குக் காவல். அம்மா பலகாரக் கடையில் தேன்குழலும் மணகோலமும் பிழிகிறவர். வீட்டில் யாரும் டாக்டர் இல்லை. "இதை இப்படிப் பிடி" என்று சொல்ல மாமா, சித்தப்பா கிடையாது. லேப்தான் கதி.

அந்த லேபைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2019-ல் வந்த புதிய பாடத்திட்டம், மாணவர் நோயாளியைத் தொடுவதற்கு முன் பொம்மையில் பழக வேண்டும் என்று சொல்லி ஸ்கில் லேபைக் கட்டாயமாக்கியது. எங்கள் கல்லூரியிலும் (பெயர் வேண்டாம்) குளிரூட்டிய பெரிய அறை, வரிசையாகப் பொம்மைகள். பிரசவம் பார்க்க ஒன்று, மூச்சுக்குழாய் போட ஒன்று, இதய ஒலி கேட்க ஒன்று. விலை லட்சக்கணக்கில் என்பதால் முக்கால்வாசி நேரம் உறை போட்டுப் பூட்டித்தான் இருக்கும். வகுப்பு நடக்கும் நாளில் ஒரு பொம்மையைச் சுற்றி இருபத்தைந்து பேர் நிற்போம். இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் பயிற்சி என்றால், முன்னால் நிற்கும் நான்கு பேர் அழுத்துவார்கள், மற்றவர்கள் போட்டோ எடுப்பார்கள். மூன்றாம் ஆண்டு முடியும்போது நான் நெஞ்சை அழுத்திய மொத்த நேரம் இரண்டு நிமிடம்கூட இருக்காது.

வழி கிடைத்தது பேராசிரியரிடமிருந்து இல்லை, லேப் உதவியாளர் அண்ணனிடமிருந்து. மதியம் மூன்றரைக்கு மேல் அவர் சும்மாதான் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் நானும் இன்னொருவனும் போய், "அண்ணே, நாங்களே தொடைச்சு, நாங்களே உறை போட்டு வெச்சிர்றோம். அரை மணி நேரம் குடுங்க" என்று கேட்டோம். "எழுதிக் குடுத்துட்டு எடுங்க" என்றார், அவ்வளவுதான். பொம்மை உடைந்தால் தன் தலையில் விழும் என்பதுதான் அவர் பயம். துறைத் தலைவரிடம் ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கிக் கொடுத்ததும் பயம் போய்விட்டது. ஸ்கில் லேப் பூட்டிக் கிடக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்ளும் தம்பிகளிடம் நான் கேட்பது: சாவி யாரிடம் இருக்கிறது, அவருக்கு என்ன பயம் என்று விசாரித்தாயா?

அந்த மதியங்களில்தான் ஒன்றைக் கண்டுபிடித்தோம். நெஞ்சை அழுத்தும்போது நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல் 6-க்கு மேல் போகாமல், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் எங்கள் பொம்மையில் இருந்த விளக்கு, இருபதைத் தாண்டியதும் வேகம் குறைகிறது என்று ஒவ்வொரு முறையும் காட்டியது. களைப்பு என்று நினைத்தோம். இரண்டாவது சுற்றிலும் முதல் இருபது சரியாக இருந்து அடுத்த பத்தில்தான் தொய்ந்தது. காரணம் வாய்! ஒண்ணு, ரெண்டு, மூணு என்று சொல்லும்வரை சரி. "இருபத்தி மூணு, இருபத்தி நாலு" என்று வரும்போது சொல் நீள்கிறது, கை சொல்லுக்காகக் காத்திருக்கிறது. அன்றிலிருந்து ஒன்று முதல் பத்து வரை மூன்று தடவை எண்ணுகிறோம். ஒவ்வொரு பத்தின் முடிவிலும், அது எத்தனையாவது பத்து என்று மட்டும் பக்கத்தில் நிற்பவர் சொல்வார். இன்னொன்று, அழுத்தத் தெரிகிற அளவுக்கு விடத் தெரிவதில்லை. கையைத் தூக்காமல், ஆனால் நெஞ்சு முழுசாக மேலே வரும்படி பாரத்தை எடுக்க வேண்டும். சோர்ந்துபோனவர்கள் நெஞ்சின் மேலேயே சாய்ந்துவிடுவார்கள். அப்படிச் சாய்ந்தால் இதயத்துக்குள் ரத்தம் திரும்ப வராது.

அந்தப் பொம்மையின் முகத்துக்கு ஒரு கதை உண்டு. பாரிஸில் சேன் ஆற்றில் மூழ்கி இறந்த, பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகத்தை வார்த்து எடுத்ததாகச் சொல்வார்கள். 1960-ல் அதைப் பொம்மையாக்கியவர் அஸ்முண்ட் லேர்டால், நார்வேயில் விளையாட்டுப் பொம்மை செய்துகொண்டிருந்தவர். எங்கள் பக்கத்து வீடுகளில் மரப்பாச்சியை வைத்துச் சொப்பு விளையாடும் பிள்ளைகள் அதற்குக் காய்ச்சல் என்பார்கள், ஊசி போடுவார்கள். பெரியவர்கள் அதையே காசு கொடுத்துப் படிக்கிறோம் என்று அப்பத்தா ஒரு தடவை சொன்னது. கேலி என்றாலும் தப்பாகச் சொல்லவில்லை.

அப்பத்தாவுக்கு இந்தக் கதையில் பெரிய பங்கு இருக்கிறது.

இறுதியாண்டு செய்முறைத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு. எங்களுக்கு ஆஸ்கி முறைத் தேர்வு இருந்தது. தெரியாதவர்களுக்கு: மாணவர்கள் ஒவ்வொரு நிலையமாகச் சுற்றி வருவார்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம், ஒரு வேலை, ஒரு மதிப்பெண் தாள். மணி அடித்தால் அடுத்தது. 1975-ல் ஸ்காட்லாந்தின் டன்டீயில் ரொனால்ட் ஹார்டன் என்பவர் எழுதிய முறை. ஒரே ஒரு நோயாளி, ஒரே ஒரு தேர்வாளர், அவர் காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தாரா என்பதைப் பொறுத்து மதிப்பெண் என்ற பழைய நிலைக்கு இது மாற்று. முறை நல்லதுதான். ஆனால் சுற்றிப் பழகாதவனுக்கு மணி அடித்ததும் மூளை நின்றுவிடும். விடுதியில் பழக இடமில்லை. ஒரே அறை, நான்கு கட்டில்.

அப்போதுதான் அப்பா காவல் இருக்கும் வீடு ஞாபகம் வந்தது. கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர். செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். நடுவில் வானம் தெரியும் வளவு, நான்கு பக்கமும் தேக்குத் தூண் நிற்கும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று என்று கட்டியது. ஆஸ்கிக்கென்றே கட்டினதுபோல இருந்தது எனக்கு! வீட்டுச் சொந்தக்காரர்களில் மூத்தவரான ஆச்சி சென்னையில் இருக்கிறார். அப்பா போன் போட்டுக் கேட்டார். "ஆள் நடமாட்டம் இருந்தா வீட்டுக்கு நல்லதுதாம்ப்பா. தரையில மட்டும் கறை படாமப் பாத்துக்க" என்றார். அறைகளில் நான்குக்குத்தான் அப்பாவிடம் சாவி உண்டு. மற்றவை பங்காளிகளிடம், ஒன்று கோலாலம்பூரில் இருக்கிறது. அதனால் இரண்டு நிலையங்களைப் பூட்டிய கதவுக்கு முன்னால் பாய் விரித்து வைத்துக்கொண்டோம்.

ஆறு பேர் போனோம். மூன்று பேர் சுற்றுவது, மூன்று பேர் தாளோடு உட்கார்வது, பிறகு மாற்றிக்கொள்வது. மூன்று நிலையங்களில் ஆள் இல்லை. ஓர் ஈசிஜி, ஒரு மருந்துச் சீட்டு, ஒரு தையல். மற்ற மூன்றில் நோயாளி வேண்டும். மூச்சிரைப்போடு நெஞ்சு வலிக்கு அப்பத்தா. வயிற்றுப்போக்கு வந்த குழந்தையின் தாயாகப் பக்கத்து வீட்டு அக்கா. சர்க்கரை நோயாளியாக அப்பா. அவருக்கு நிஜமாகவே சர்க்கரை உண்டு என்பதால் நடிக்க வேண்டியதில்லை. அந்த அக்காவின் மகன் பித்தளைத் தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டுவான்; அதுதான் மணி.

நோயாளியாக நடிக்க வைப்பது புதுசு இல்லை. 1963-ல் அமெரிக்காவில் ஹோவர்ட் பேரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், ஓவியர்களுக்கு மாடலாக இருந்த ஒரு பெண்ணுக்கு நோயின் அறிகுறிகளைச் சொல்லிக்கொடுத்து மாணவர்கள் முன் உட்கார வைத்தார். அவர் செய்த முக்கியமான காரியம், முடிந்ததும் அந்தப் பெண்ணையே மாணவரைப் பற்றிச் சொல்லச் சொன்னது. நாங்கள் அதை முதலில் செய்யவில்லை. அப்பத்தாவுக்கு வசனம் சொல்லிக்கொடுத்தோம்: "நெஞ்சுல பாரம் வெச்ச மாதிரி இருக்கு. அரை மணி நேரமா. வேர்க்குது." அது கண்டாங்கிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காதில் தண்டட்டி ஆட, கம்பீரமாக உட்கார்ந்தது.

முதலில் போனவன் எங்கள் வகுப்பிலேயே நன்றாகப் படிப்பவன். "வலி எங்கயாச்சும் பரவுதா பாட்டி?"

"பரவுறதுக்கு அது என்ன அருகம்புல்லா?"

தாள் பிடித்திருந்தவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அவன் அதே கேள்வியைத்தான் இன்னொரு தடவை கேட்டான், கொஞ்சம் சத்தமாக. புத்தகத்திலிருக்கும் சொல்லைத் தமிழாக்கிக் கேட்கிறோம். அது எங்கள் ஊரில் நோவுக்கு வழங்கும் சொல் இல்லை. "வலி கைக்கு இழுக்குதா? தாடைக்கு ஏறுதா?" என்று கேட்டால் பதில் வரும். "தலை சுற்றல்" என்று எழுதுகிறோம், அவர்கள் "கெறக்கமா வருது" என்கிறார்கள். அன்று ராத்திரி அப்பத்தாவையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு இப்படிச் சொல்லாக ஒரு நோட்டில் எழுதினோம். என்னிடம் இப்போதும் இருப்பது அந்த நோட்டு ஒன்றுதான். மற்ற குறிப்பையெல்லாம் ஜூனியர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

சுற்று முடிந்ததும் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தோம். அவனுக்குத்தான் அதிகம். அப்பத்தா கூப்பிட்டது. "ஏப்பா, நீங்க எழுதிக்கிட்டீக. என்னையக் கேக்கலையே?"

"சொல்லுங்க பாட்டி."

"இந்தத் தம்பி எங்கிட்டப் பேசவே இல்ல. கையில இருந்த கடியாரத்துக்கிட்டப் பேசிட்டுப் போயிருச்சு. அந்தப் புள்ள ஒண்ணும் கேக்கல, ஆனா மொதல்ல வந்து, 'மூச்சு வாங்குதா, சாஞ்சு உக்காருங்க'ன்னு தலகாணிய எடுத்து முதுகுக்கு வெச்சுச்சு. எனக்கு நெஞ்சு வலி வந்தா அந்தப் புள்ளயத்தான் கூப்பிடுவேன்."

தாளில் தலையணைக்கு மதிப்பெண் இல்லை. அந்தப் பெண்ணுக்கு இருபதில் ஒன்பதுதான் கிடைத்திருந்தது.

அன்று முதல் ஒரு விதி வைத்தோம். முடிந்ததும் முதலில் செய்தவன் பேசுவான்: என்ன செய்தேன், எங்கே தடுமாறினேன். அடுத்து நோயாளி. தாள் பிடித்தவர் கடைசியில்தான். அவரும் "ஏன் இதை விட்டுட்ட?" என்று ஆரம்பிக்கக் கூடாது, "அந்த நேரத்துல என்ன நெனச்சுக்கிட்டு இருந்த?" என்று கேட்க வேண்டும். இது எங்கள் சொந்தச் சரக்கு இல்லை, அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஒருவரிடம் கற்றது. ரவுண்டில் கத்தாத ஒரே ஆள் அவர். தப்பு செய்தவனிடம் அவர் கேட்கும் கேள்வி அதுதான். பதில் சொல்ல ஆரம்பித்தால், தப்பு கையில் இல்லை, அதற்கு இரண்டு நிமிடம் முன்பு எடுத்த முடிவில் இருந்தது என்று நமக்கே தெரிந்துவிடும். பழகுவதற்கு ஐந்து நிமிடம் என்றால் பேசுவதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நாங்கள் முதல் நாள் தலைகீழாகச் செய்தோம். ஆறு சுற்று ஓடினோம், ஒன்றும் ஒட்டவில்லை.

இரண்டாம் நாள் அப்பாவின் நிலையம். சர்க்கரை நோயாளிக்கு அறிவுரை சொல்வதும், காலைப் பரிசோதிப்பதும். மதிப்பெண் தாள் தயாரித்தவன் நான். தாளோடு உட்கார்ந்தவனும் நான்தான். நான்கு பேர் வந்தார்கள். நான்கு பேரும் மாத்திரையைப் பற்றிக் கேட்டார்கள், சோற்றைப் பற்றிச் சொன்னார்கள், கடைசியில் என் பக்கம் திரும்பி, "பாதத்தைப் பரிசோதிப்பேன் சார். புண், ஆணி, உணர்ச்சி பார்ப்பேன். பத்து கிராம் மோனோஃபிலமென்ட் வைத்துப் பார்ப்பேன்" என்றார்கள். (பாதத்தில் தொட்டு உணர்ச்சி பார்க்கும் நைலான் இழை அது.) நான் நான்கு முறையும் சரி போட்டேன். தேர்வில் அப்படித்தான் நடக்கும், சொன்னால் போதும்.

ஐந்தாவதாக வந்தவள் அந்தத் தலையணைக்காரி. அவள் சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்து, "ஐயா, காலை என் மடியில வைங்க" என்றாள். அப்பாவுக்குக் கூச்சம், என்னைப் பார்த்தார். அவளே காலைத் தூக்கித் திருப்பினாள். வலது பெருவிரலுக்கு அடியில் சீமைக்கருவேல முள் ஒன்று ஒடிந்து கிடந்தது. சுற்றி வெள்ளையாக ஊறி, நடுவில் சீழ்.

"வலிக்கலையா ஐயா?"

"எது?" என்றார் அப்பா.

ஆத்தங்குடித் தரையில், அதாவது கையால் செய்த சிமென்ட் கல் பதித்த தரையில், செருப்பு போடக் கூடாது என்று இருபது வருடமாக அந்த வீட்டில் வெறுங்காலோடுதான் நடக்கிறார். அதே காலோடு பின்கட்டைத் தாண்டி, கருவேலம் மண்டிய தோட்டத்துக்கும் போவார். முள் ஏறி எத்தனை நாள் ஆனதோ, அவருக்குத் தெரியவில்லை. அவரோடு பேசும்போதெல்லாம் "மாத்திரை போட்டியாப்பா?" என்று கேட்டதோடு என் வைத்தியம் முடிந்திருந்தது. அன்று மதியமே காரைக்குடிக்குக் கூட்டிப்போய் முள்ளை எடுத்து, மூன்று வாரம் கட்டு மாற்றி, ஆறிவிட்டது. இப்போது வீட்டுக்குள் போட ஒன்று, வெளியே போட ஒன்று என்று இரண்டு ஜோடி செருப்பு. ஆச்சியிடம் அதற்கும் போன் போட்டு அனுமதி கேட்டார். எனக்குக் கோபம் வந்தது, சொல்லவில்லை.

அந்தத் தாளை அன்று ராத்திரி மாற்றி எழுதினேன். "பரிசோதிப்பேன் என்று சொன்னால் 0. தொட்டால் 1." நீங்கள் நண்பர்களோடு பழகும்போது இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கை கழுவுவேன் என்று சொல்லாதீர்கள், எழுந்து போய்க் கழுவுங்கள். நேரம் போகும், அந்த நேரமும் தேர்வில் உண்டு, வார்டிலும் உண்டு.

தையலுக்கு ஆட்டுக்கால். கறிக்கடையில் சூப்புக்கு என்று கேட்டால் வாட்டிக் கருக்கிய காலைக் கொடுப்பார்கள், அது உதவாது. வாட்டாத கால் வேண்டும் என்று முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். கடைக்கார பாய், எதற்கு என்று தெரிந்த பிறகு இரண்டு காலுக்குக் காசு வாங்கவில்லை. தோல் கெட்டியாக இருக்கும், மனிதத் தோலைவிடக் கடினம். ஊசியைச் செங்குத்தாக நுழைத்து மணிக்கட்டைச் சுழற்றினால்தான் வெளியே வரும். நேராகத் தள்ளினால் ஊசி வளையும். அதற்கு நேர்மாறானது வாழைப்பழத் தோல். முடிச்சை இறுக்கினால் கிழிந்துவிடும். இரண்டிலும் மாறி மாறிப் போடுங்கள். ஓரங்கள் சேர வேண்டும், நெரியக் கூடாது என்பதை வாழைப்பழத் தோல் போல யாரும் சொல்லித் தர மாட்டார்கள். காலாவதியான நூல்களை ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர்களிடம் கேட்டால் தருவார்கள். இதற்கெல்லாம் அம்மாவின் அருவாமனையைத் தொடாதீர்கள். எனக்கு ஒரு வாரம் சாப்பாட்டோடு திட்டும் கிடைத்தது.

பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்குக்கு என்று கடைசி நாள் ஒன்று செய்தோம். அரை லிட்டர்தான் எல்லை. அதற்கு மேல் போனால் ஆபத்து என்று படித்திருக்கிறோம். அரை லிட்டர் பார்க்க எப்படி இருக்கும்? குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்து, அளந்து, பழைய பருத்திச் சேலையில் ஊற்றி, ஆளுக்கு ஒரு மதிப்பு எழுதினோம். ஊற்றியது 700 மில்லி. ஆறு பேரில் ஐந்து பேர் 400-க்குக் கீழே எழுதியிருந்தார்கள். துணி குடித்துவிடுகிறது, கண் ஏமாறுகிறது. பிரசவ அறைக்குப் போகும் முன் ஒரு தடவையாவது இதைச் செய்து பாருங்கள், ஒரு மக்கும் ஒரு சேலையும் போதும். ஆனால் சிமென்ட் தரையில் வேண்டாம். சேலையையும் மீறிக் குங்குமம் கசிந்து ஆத்தங்குடிக் கல்லில் இறங்கிவிட்டது. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தோம், தவிடு போட்டுத் தேய்த்தோம், இளஞ்சிவப்பாக ஒரு வட்டம் நின்றுவிட்டது. அப்பா ஒன்றும் பேசாமல் இரண்டாம் கட்டிலிருந்து ஒரு பித்தளை அண்டாவை உருட்டிவந்து அதன் மேல் வைத்தார்.

ஹவுஸ் சர்ஜனாகக் கிராமப்புறப் பணிக்குப் போனபோது இந்தப் பழக்கம் வேறு விதமாகக் கைகொடுத்தது. அது ஒரு சின்ன மருத்துவமனை, பெயர் வேண்டாம். அங்கே பொம்மை கிடையாது. மழைக்காலம் தொடங்கும் நேரம். பாம்புக்கடி வந்தால் என்ன செய்வோம் என்று பேச்சு வந்தது. பேசுவதை விட ஒரு தடவை செய்து பார்த்துவிடலாம் என்று டாக்டர் மேடமே சொன்னார். இரவு ஒன்பது மணிக்கு என்னை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தார்கள். நான் கட்டுவிரியன் கடித்தவன். கடித்த தடம் தெரியாது, வீக்கம் இல்லை, வயிற்று வலி, இமை தூக்க முடியவில்லை. "என்னாச்சு?" என்று கேட்டால் "பூச்சி கடிச்சிருச்சு" என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். ராத்திரியில் பாம்பு என்ற பேரைச் சொல்ல மாட்டார்கள் எங்கள் பக்கம். பட்டணத்திலிருந்து வந்த என் சக ஹவுஸ் சர்ஜன், பூச்சி என்றதும் அரிப்புக்கு ஊசி எழுதப் போனான்.

அந்த இரவு தெரிந்தவை: விஷமுறிவு மருந்து அலமாரியின் சாவி மருந்தாளுநர் வீட்டில் இருந்தது. ரத்தம் உறைகிறதா என்று இருபது நிமிடம் வைத்துப் பார்க்கும் சோதனைக்குச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாய் வேண்டும். எங்களிடம் இருந்ததெல்லாம் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தமும் சரியாக உறையாது, விஷம் ஏறிவிட்டது என்று தப்பாக நினைப்போம். சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடியும் அதே போலத்தான் ஏமாற்றும். மருந்து பொடியாக இருக்கும். ஒவ்வொரு குப்பிக்கும் 10 மில்லி தண்ணீர் விட்டு, குலுக்காமல் உருட்டிக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும். பத்துக் குப்பியை ஒரே ஆள் கரைத்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று, பழைய காலிக் குப்பிகளில் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். மொத்தம் 23 நிமிடம். அந்த நேரமெல்லாம் நான் "இமை தூக்க முடியல" என்று முனகிக்கொண்டு கிடந்தேன்.

இன்னொன்றும் நடந்தது. மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதாக வைத்துக்கொண்டு, "யாராச்சும் அட்ரினலின் எடுங்க" என்று மேடம் குரல் கொடுத்தார். நான்கு பேர் இருந்தோம், நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். யாராச்சும் என்றால் யாரும் இல்லை. அடுத்த முறை, "அக்கா, நீங்க அட்ரினலின் அரை மில்லி, தொடையில" என்று ஆளைப் பார்த்துச் சொன்னார்; அக்கா, "அட்ரினலின் அரை மில்லி தொடையில போடறேன்" என்று திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்தார். கேட்கச் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். செய்யும்போது பதற்றம் பாதி குறைந்துவிடுகிறது.

ஒரு வாரம் கழித்து மறுபடி செய்தோம், 9 நிமிடம். கண்ணாடிக் குழாய்கள் இரண்டு டஜன் வந்திருந்தன, இரவு டியூட்டி சிஸ்டரிடம் ஒரு மறு சாவி. ஒரு ரூபாய்க்குப் பொம்மை வாங்கவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஆச்சியும் வந்திருந்தார். வந்தவுடன் அண்டா இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்து, நகர்த்தச் சொல்லி, வட்டத்தைப் பார்த்தார். அப்பா புதுச் செருப்போடு தூணோரம் நின்றார். அப்பத்தாதான் முன்னால் வந்து, என்ன நடந்தது என்று முழுக் கதையையும் சொன்னது, எனக்கு ஞாபகமில்லாத வசனங்களோடு. கேட்டு முடித்துவிட்டு ஆச்சி, "அடுத்த தடவை பசங்க எப்ப வர்றாங்க?" என்றார். அவருக்கு மூட்டு வலியாம், அதையே நடிக்கலாமா என்று கேட்டார்.

"மூட்டு வலிய நீ வெச்சுக்க ஆச்சி" என்றது அப்பத்தா. "எனக்கு வேற நோவு குடுக்கச் சொல்லியிருக்கேன். மூச்சு வாங்கி மூச்சு வாங்கி நெசமாவே தொண்டை வத்திப்போச்சு."